பதினேழாம் கட்டிலின் திட்டம்

முதலில் அவரை ஆஸ்பத்திரித் தரையில் போட்டார்கள். கட்டில் கிடைத்ததும் குடிகாரன் என்று முடிவு கட்டினார்கள். குடித்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து, வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்கியவரை நடிக்கிறான் என்றார்கள். கடைசியாக, உளறுகிறான் என்று கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள்.

கட்டியவள் பயிற்சிச் செவிலி ஜெபராணி. கல்லீரல் சுருங்கிப்போன அந்த மனிதருக்குப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டியவளும் அவளே. உப்பைக் குறைப்பது, எடை பார்ப்பது, வயிற்றின் சுற்றளவை அளப்பது என்று ஒன்றும் விடாமல் எழுதித் தலைமைச் செவிலி மரகதத்திடம் நீட்டினாள்.

மரகதம் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"ஒத்துழைப்பதில்லைன்னு எழுதியிருக்கே. இதைப் பார்த்தா டாக்டர் இன்னைக்கே வெளியே அனுப்பிருவாரு. வீட்டுக்குப் போனா செத்துருவாரு."

"கூப்பிட்டா பதிலே இல்ல, சிஸ்டர்."

"எப்படிக் கூப்பிட்டே?"

"ஏய் பதினேழுன்னு."

"என்னை அப்படிக் கூப்பிட்டா, புத்தி தெளிவா இருந்தாலும் நான் திரும்ப மாட்டேன்."

"அப்போ உளறல் எதனாலன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மரகதம் கட்டிலருகே போனார். நோயாளியின் கைக்கட்டை அவிழ்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு கையையும் முன்னால நீட்டி, நில்லுன்னு காட்டுற மாதிரி உள்ளங்கையை நிமித்துங்க."

அவர் நீட்டினார். நிமிர்த்திய கைகள் நிற்காமல் படபடவென்று துவண்டு துவண்டு எழுந்தன.

ஜெபராணிக்குப் புரிந்தது. அது முரண்டு அல்ல. கல்லீரல் வடிக்காத நஞ்சு மூளைக்கு ஏறியிருந்தது.

டாக்டரை வரவழைத்தார்கள். நஞ்சு வெளியேற மலம் இளக்கும் மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு நின்றது.

மறுநாள் மனிதர் தெளிந்து கஞ்சியை வாயில் வைத்தார்.

"உப்பே இல்லையே! உப்பளத்துல கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடிச்சவன்மா நான். எனக்கா இந்தக் கஞ்சி?"

"நோயோட மல்லுக்கு நிக்கணும்ல அண்ணாச்சி, குடிங்க," என்றார் மரகதம்.

ஷிஃப்ட் மாறும் நேரம். போகிற செவிலியரும் வருகிற செவிலியரும் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். கட்டில் எண்ணையும் நோயையும் சொல்லிவிட்டு நகர்வதுதான் அங்கே வழக்கம்.

ஜெபராணி புதிதாக எழுதிய தாளோடு தயங்கினாள்.

"எதை முதல்ல வாசிக்க, சிஸ்டர்?"

"அவரைக் கேளு."

கேட்டாள். அவர் தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்து சொன்னார். அவள் அதை முதல் வரியாக எழுதினாள்.

"சத்தமா வாசி. ரெண்டு ஷிஃப்ட்டும் கேக்கட்டும்," என்றார் மரகதம்.

ஜெபராணி நிமிர்ந்து நின்று வாசித்தாள்:

"சுடலைமாடன் மகன் கொம்பையா."