மூன்று சுருள்கள், மூன்று கோடுகள்

முப்பத்திரண்டு வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கிய சவரிமுத்துவுக்கு, ஓய்வு பெற்ற பிறகுதான் கரண்ட் என்றால் பயம் வந்தது. வாய் சும்மா இருந்ததா? கான்வென்ட் கண்காட்சியில் மின்னல் காட்டும் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டார். நாளைக் காலை முதல் வரிசையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அதில் அவர் பேத்தி ஜெமியும் ஒருத்தி.

அவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் கான்வென்டின் பௌதிக ஆசிரியை சிஸ்டர் பெர்னதெத். வயது அவரில் பாதி, வாய் இரண்டு மடங்கு.

பௌதிக அறையில் மூன்று செம்புக்கம்பிச் சுருள்கள் ஆளுயரத்துக்கு நின்றன. மூன்றுக்கும் ஒரே வேலைதான். வீட்டு மின்சாரத்தை வாங்கி, லட்சம் வோல்ட்டாக்கி, உச்சியிலிருந்து மின்னலாகத் துப்பும். நாளைக்கு ஒன்றைத்தான் காட்டலாம்.

"ஆபத்தில்லாதது எது சிஸ்டர்?"

"போட்டுப் பாருங்கண்ணே. ஒவ்வொண்ணுக்கும் பிள்ளைங்க எங்க நிக்கணுமோ, அங்க ஒரு கோடு கிழிங்க." சாக்பீஸை நீட்டினார்.

முதல் சுருள், இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே தீப்பொறி தாண்டி ஓடுவது. சுவிட்சைத் தட்டியதுதான் தாமதம், சரவெடி கொளுத்தியதுபோல் அறையே அதிர்ந்தது. சவரிமுத்து கதவோரம் ஓடிப்போய்க் கோடு கிழித்தார்.

இரண்டாவது டிரான்சிஸ்டரில் ஓடுவது. வண்டு மாதிரி இரைந்தது. அறை நடுவில் ஒரு கோடு.

மூன்றாவது, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வில் ஓடுவது. சத்தமே இல்லை. உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு சுடர். அவருக்கு மூச்சு வந்தது. நாலடி தள்ளிக் கோடு போட்டார்.

"இதையே வைச்சுக்கலாம் சிஸ்டர். சாது."

சிஸ்டர் சுவிட்சை அணைத்தார். ஒயர் எதுவும் இல்லாத ஒரு டியூப்லைட்டை எடுத்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு மர ஸ்டூலில் கிடத்தினார்.

"இப்பப் போடுங்க."

டியூப்லைட் தானாகப் பளீரென்று எரிந்தது.

ஸ்டூலை நடுக் கோட்டுக்கு நகர்த்தினார். அங்கேயும் எரிந்தது. கதவோரம் போனபின் மங்கிற்றே தவிர அணையவில்லை.

"சத்தமில்லாமலே கதவு வரைக்கும் எட்டுது பாருங்க. அந்தச் சுடரைத் தொட்டா ஷாக்கே அடிக்காதுண்ணே. சதை வெந்த பிறகுதான் தெரியும்."

சவரிமுத்து சட்டென்று சுவிட்சை அணைத்தார். "அப்ப முதல் சுருளே இருக்கட்டும்."

"அதுல மின்னல் எவ்வளவு தூரம் பாய்ஞ்சது?"

"பாக்கல சிஸ்டர். கண்ணை மூடிக்கிட்டேன்."

"கம்பத்துலயும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஏறினீங்களா?"

"அங்க விழுந்தா நான் மட்டும்தானே விழுவேன்."

சிஸ்டர் கரும்பலகைத் துடைப்பானை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மூணு கோட்டையும் அழிங்க. அதெல்லாம் சத்தத்தைக் கேட்டுப் போட்டது. இனிமேதான் சுருளைப் பாக்கப் போறோம்."