ரிமோட்டின் வயிற்றில் இருந்த சாவி

ஒரு ஊரில் ஒரு காரும் அதன் ரிமோட்டும் ஆறு வருஷமாக ஒற்றுமையாக இருந்து வந்தன. ரிமோட் சொல்லும், கார் கேட்கும். திற என்றால் திறக்கும், பூட்டு என்றால் பூட்டும். இப்படி ஒரு வாழ்க்கை அமைந்தால் யாருக்கும் தலைக்கனம் வரத்தான் செய்யும். ரிமோட்டுக்கு வந்திருந்தது.

அந்த ரிமோட்டின் வயிற்றுக்குள் ஓர் இரும்புச் சாவி இருந்தது. ரிமோட்டுக்கு என்றைக்காவது முடியாமல் போனால் கதவைத் திறப்பதற்கென்று கம்பெனிக்காரன் செருகி வைத்த சாவி. உள்சாவி என்று பெயர். விளிம்பில் இருக்கும் ஒரு சின்ன பொத்தானை அமுக்கினால் வெளியே வரும். ஆறு வருஷத்தில் ஒருவரும் அமுக்கவில்லை. காரின் சொந்தக்காரர் சிதம்பரதாணுவுக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது. விவரமெல்லாம் போட்டு காரோடு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அவர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்திவிட்டார். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு அந்தப் புத்தகத்துக்கும் சூடம் காட்டுவார். படித்ததில்லை.

உள்சாவியோடு கூட இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒன்று பேட்டரி, இன்னொன்று சிவப்பு விளக்கு. பேட்டரி ஒரு மாதமாகவே தன்னால் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரிமோட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு தவறாமல் ஒரு மினுக்கு மினுக்கி, “உத்தரவு போயிட்டு அண்ணாச்சி” என்று சொல்லிவிடும். விளக்கு மினுக்கத் துளி சக்தி போதும், உத்தரவு காரைப் போய்ச் சேர நிறைய வேண்டும் என்பது ரிமோட்டுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இஷ்டமும் இல்லை.

இந்த லட்சணத்தில்தான் சிதம்பரதாணுவின் மச்சினனுக்குத் தென்காசியில் கல்யாணம் வந்தது. திருமாங்கல்யம் சிதம்பரதாணுவின் பொறுப்பு. கல்யாணக் கூட்டத்தில் எவனாவது கையை வைத்துவிடுவான் என்று பயந்து, அதை காரின் முன்பெட்டிக்குள் வைத்து, கதவைப் பூட்டினார். பேட்டரி தன் கடைசி மூச்சைக் கொடுத்தது அந்தப் பூட்டுக்குத்தான். அப்புறம் ரிமோட்டைக் கையில் சுழற்றிக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைந்தார். வாசலில் நின்ற பெண்கள் அவர்மேல் பன்னீர் தெளித்தார்கள்.

ஒன்பதரை மணிக்கு ஐயர் தாலியைக் கேட்டார். பத்து மணியோடு முகூர்த்தம் முடிகிறது. சிதம்பரதாணு காரிடம் ஓடினார். அமுக்கினார். கார் சும்மா நின்றது.

“உத்தரவு போயிட்டு அண்ணாச்சி” என்றது விளக்கு, மங்கலாக.

“போயிட்டுன்னா அவன் ஏன் தொறக்கல? திமிரு. ஆறு வருஷம் செல்லம் கொடுத்தேம்லா” என்றது ரிமோட்.

பேட்டரி வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தது. சத்தம் வரவில்லை.

“அண்ணாச்சி, என்னைய வெளிய விடுங்க. நான் தொறக்கேன். எனக்கு அந்தச் சோலிதான்” என்றது உள்சாவி. கிடந்த இடத்தில் துள்ளியது. ஆறு வருஷம் காத்திருந்த வேலை கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது, துள்ளாமல் என்ன செய்யும்?

“நீ போய்த் தொறந்தா என் மரியாதை என்னாகும்? பேசாம கிட” என்றது ரிமோட்.

வெளியே அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நம் ஊரில் ஒரு பொருள் ஓடாமல் நின்றுவிட்டால் போதும், ஆளுக்கு ஒரு வைத்தியம் கையில் இருக்கும். ஒருவர் ரிமோட்டை முழங்காலில் நாலு தட்டு தட்டினார். ஒருவர் வேட்டியில் தேய்த்துச் சூடேற்றினார். இன்னொருவர் வாயருகே வைத்து ஊதினார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் எல்லாரையும் விலக்கிவிட்டு, காரைப் பார்த்துச் சூடம் காட்டி, சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார். கார் பழத்தைப் பார்த்தது. ஊர்வலம் கிளம்பப் போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டது.

சிதம்பரதாணுவின் மனைவி உலகம்மாள் பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள். நாத்தனார் முடிச்சுப் போடவேண்டியவள்.

“மாத்துச் சாவி எங்கங்க?”

“வீட்டு பீரோவுல.”

“பீரோ சாவி?”

சிதம்பரதாணு காரின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அவளும் பார்த்தாள். முன்சீட்டில் மஞ்சள் கயிற்றோடு பீரோ சாவி சொகுசாகச் சாய்ந்திருந்தது.

கண்ணாடியை உடைக்கச் சொன்னாள் உலகம்மாள். கல்யாண நேரத்தில் கண்ணாடி உடைவது ஆகாது என்று நாலு பேர் தடுத்தார்கள். அப்போதுதான் யாரோ, பன்னீர் உள்ளே போயிருக்கும், செல்போன் நனைந்தால் அரிசியில் போடுவதில்லையா, இதையும் போடுங்கள் என்றார். நல்ல யோசனை என்றார்கள். அரிசிக்கு எங்கே போவது? மணமேடையில் ஒரு தாம்பாளம் நிறைய அட்சதை இருந்தது. மஞ்சளும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து அப்போதும் ஈரம் காயாத அரிசி. ஈரத்தை எடுப்பதற்காக ரிமோட்டை அதற்குள் புதைத்தார்கள்.

“என்னை மரியாதையா மேடையில வச்சிருக்காங்க பாத்தியா” என்றது ரிமோட், அரிசிக்குள்ளிருந்து.

ஒன்பது நாற்பத்தைந்துக்கு, விவரம் தெரியாத ஒரு அம்மாள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அட்சதை கொடுக்கக் கிளம்பிவிட்டாள். மூன்றாவது வரிசையில் சட்டநாதன் என்று ஒரு மாமா. எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடும் மனிதர். பாதித் தூக்கத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். பிடியோடு ரிமோட்டும் வந்தது. அப்படியே மூடிய கையோடு மறுபடி தூங்கிப்போனார். தூக்கத்தில் அவருக்கு யாரோடு சண்டையோ, கையை இறுக்கினார். அவர் கட்டைவிரல் விளிம்பிலிருந்த சின்ன பொத்தானில் அழுந்தியது.

உள்சாவி வெளியே வந்து விழுந்தது. மஞ்சள் அரிசியும் வெளிச்சமும் ஆட்களும் அதற்கு ஒரேயடியாகத் தெரிந்தன. ஆறு வருஷம் கழித்து உலகத்தைப் பார்க்கிற ஆனந்தத்தில் அதற்கு ஒரு கணம் வேலையே மறந்துவிட்டது.

ரிமோட்டைத் தேடி வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்த சிதம்பரதாணு முதலில் ரிமோட்டைப் பிடுங்கினார். அப்புறம் தரையில் கிடந்த சாவியைப் பார்த்தார்.

“இது எதுக்குள்ள இருந்துவே வந்துச்சு?”

சட்டநாதன் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல நேரமும் இல்லை. ஒன்பது ஐம்பத்திரண்டு.

எதற்கும் பார்ப்போம் என்று சிதம்பரதாணு காரிடம் ஓடி விட்டுப் பார்க்க, கதவின் துவாரத்தில் உள்சாவி நுழைந்தது. அதற்காகவே அறுத்த பல், அதற்காகவே வைத்த பூட்டு. ஒரு திருகு, கதவு திறந்தது. உள்சாவிக்குப் பிறந்த பயன் கிடைத்துவிட்டது.

மறு நொடியே கார் அலறியது.

“திருடன், திருடன்” என்று ஹாரனடித்துக் கத்தியது. நாலு பக்க விளக்கையும் போட்டுப் போட்டு அணைத்தது. ரிமோட்டின் உத்தரவு இல்லாமல் எவனோ இரும்பை விட்டுத் திறக்கிறான் என்றால் காருக்கு வேறென்ன தோன்றும்? உள்சாவி பூட்டில் தொங்கியபடியே, “நான்தாம்பா, நம்ம வீட்டு ஆள்” என்று சொல்லிப் பார்த்தது. அந்தச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

மண்டபத்துக்குள் மேளக்காரர் அபசகுனமான ஓசையைக் கேட்டார். அப்படி ஓசை வந்தால் அமுக்கத்தானே கெட்டிமேளம்? வெளுத்து வாங்கினார். கெட்டிமேளம் கேட்டதும் முந்நூறு பேரும் எழுந்து, வெறுங்கழுத்தோடு இருந்த பெண்மீதும் வெறுங்கையோடு இருந்த மாப்பிள்ளைமீதும் அட்சதை போட்டார்கள். சட்டநாதன் மாமாவும் விழித்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் உலகம்மாள் தாலியோடு மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தாள். மறுபடியும் மேளம், மறுபடியும் அட்சதை. ஒன்பது ஐம்பத்தெட்டுக்குத் தாலி ஏறியது.

வெளியே கார் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. சிதம்பரதாணு உள்ளே உட்கார்ந்து, செத்துப்போன ரிமோட்டாலேயே ஸ்டார்ட் பொத்தானை வெறுப்பில் ஒரு குத்து குத்தினார். பேட்டரி செத்தாலும் கிட்டே கொண்டுபோனால் அடையாளம் தெரியும்படி ரிமோட்டுக்குள் ஒரு சில்லு உண்டு. கார் சட்டென்று வாயை மூடியது. “நீங்களா, மன்னிக்கணும் அண்ணாச்சி” என்று பணிவாக உறுமியது.

மண்டபத்துக்கு எதிரே கைக்கடிகாரக் கடையில் புதுப் பேட்டரி போட்டார்கள். பழைய பேட்டரி குப்பைக்குப் போனது. உள்சாவியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே செருகினார்கள். கல்யாணத்தைக் காப்பாற்றியதற்காக உலகம்மாள் ரிமோட்டுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் கார் மெதுவாகக் கேட்டது.

“அண்ணாச்சி, காலையில என் கதவைத் தொறந்தானே ஒரு களவாணிப்பய, அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ரிமோட்டின் வயிற்றுக்குள் உள்சாவி அசையாமல் காதைக் கொடுத்துக் கேட்டது. அதற்குப் பொட்டு வேண்டாம், பாராட்டு வேண்டாம். ஒரே ஒரு வார்த்தைக்காக ஏங்கியது.

“தெரியலையே. முகத்தைப் பாத்தா நம்ம ஆளு மாதிரி இல்ல” என்றது ரிமோட்.