முகமூடிக்காரனுக்கு ஒரு வரி

சாலிகிராமத்தில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. மாடியில் ஒரு டப்பிங் ஸ்டூடியோ இருந்தது. குருவின் பெயர் இவாஞ்சலின், வயது முப்பத்து மூன்று. வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழ் பேசவைப்பது அவர் தொழில்.

சீடரின் பெயர் அம்பலவாணன். வயது ஐம்பத்தொன்று. ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவர். அத்தனை வருடமும் அவர் பெயர் எங்கேயும் அச்சானதில்லை. ஒரே ஒரு நாள் கண் அசந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி விளம்பரம் ஒன்றில், இறந்தவர் பெயரும் விளம்பரம் கொடுத்தவர் பெயரும் இடம் மாறிவிட்டன. உயிரோடு இருந்தவர் காலை ஒன்பது மணிக்கே பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வந்துவிட்டார். அன்றுதான் ஆசிரியர் முதல் வாசல் காவலர் வரை எல்லோரும் அம்பலவாணன் யார் என்று தெரிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் அவரே வேலையை விட்டுவிட்டார்.

அதன் பிறகு இவாஞ்சலினிடம் வசனம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரை 'மேடம்' என்று கூப்பிட அவருக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. எட்டு மாதம் கற்றார். உதடு மூடும் இடத்தில் 'ம' வர வேண்டும், வாய் விரியும் இடத்தில் 'ஆ' வர வேண்டும் என்று பள்ளிப் பிள்ளை போல நோட்டில் எழுதிவைத்துக்கொண்டார். அப்புறம்தான் தனியாக எழுத ஒரு தொடர் கிடைத்தது. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் 'தமிழ் வசனம்: அம்பலவாணன்' என்று திரையில் வரும்.

அந்தத் தொடர் 'எட்டாம் பெட்டி' என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன்.

கதை இதுதான். எட்டுப் பேர் ஓடும் ரயில் பெட்டியில் கண் விழிக்கிறார்கள். எப்படி ஏறினோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இறங்கியாக வேண்டும். இறங்கினால் சாவு. யார் இறங்குவது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம். பேச்செல்லாம் மணி அடிக்கும்வரைதான். முகமூடி போட்ட டிக்கெட் பரிசோதகன் ஒருவன் மணி அடிப்பான். அதன் பிறகு ரயில் கிளம்பும்வரை யார் வாயைத் திறந்தாலும் அவரையும் இறக்கிவிடுவான்.

பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நான் முதல் மூன்று பாகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் தட்டில் தோசை காய்ந்துபோனது. அதற்காகக் குறையில்லாத தொடர் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் பாகத்தில் ஒரு கையை இழந்தவர் ஐந்தாம் பாகத்தில் இரண்டு கையாலும் ஆரஞ்சு உரிக்கிறார். ஆறாம் பாகத்தில் ரயில் முன்னால் போகிறது, சக்கரம் பின்னால் சுற்றுகிறது. கணித மேதை என்று சொல்லப்படுகிற பையன் போடும் கூட்டலைக் காய்கறிக் கடைக்காரர் பார்த்தால் சிரிப்பார்.

அம்பலவாணனுக்கு இதெல்லாம் சிரிப்பாக இல்லை. தன் பெயருக்கு மேலே இத்தனை பிழையா என்று ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

முகமூடி போட்ட பாத்திரம் டப்பிங் எழுத்தாளர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். வாய் தெரியாது. ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் பேசவைக்கலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அம்பலவாணன் இந்த வசதியைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்துவிட்டார். "மூன்றாம் பெட்டி வைத்தியர் உன் கையை ஒட்டவைத்துவிட்டார், மகிழ்ச்சிதானே" என்று ஐந்தாம் பாகத்தில் பரிசோதகன் தமிழில் விசாரித்தான். ஜப்பானில் அவன் அப்படி யாரையும் விசாரிக்கவில்லை. குரு அந்த வரியைப் படித்துச் சிரித்தார், விட்டுவிட்டார்.

பத்தாம் பாகத்தில் விடவில்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்குப் பதிவு. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். குரு தாளைப் புரட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இந்த வரி என்ன சார்?"

"பரிசோதகன் சொல்றது மேடம். 'இந்த நிலையத்தில் மட்டும் பேச அனுமதி உண்டு.'"

"மூலத்துல இல்லையே."

"இல்லை. இல்லாததுதான் கோளாறே. மணி அடிச்சப்புறம் அந்தச் சின்னப் பொண்ணு மியோ பேசறா. ஆனா அவளை இறக்கிவிடல. அடுத்த ரெண்டு பாகத்துலயும் அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் பதினெட்டு தடவை பார்த்துட்டேன்."

"அவன் இரக்கப்பட்டு விட்டுட்டான்னு வச்சுக்கலாமே?"

"எப்படி மேடம்? பதினொன்றாம் பாகத்துல ஒருத்தர் இருமினதுக்கே இறக்கிவிடறான்."

"ஆமா" என்றார் குரு. "எழுதினவங்க மறந்துட்டாங்க. அவ்வளவுதான்."

மறந்துவிட்டார்கள் என்பதை அவர் இவ்வளவு நிதானமாகச் சொன்னது சீடருக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தொடரை நீங்கதான் சிபாரிசு பண்ணினீங்க. இதுல இருக்கற தப்பெல்லாம் உங்க கண்ணுல படலையா?"

"ஆரஞ்சு உரிக்கறதை உங்களுக்குக் காட்டினதே நான்தானே சார். எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் பதினோரு தடவை பார்த்தேன். பன்னிரண்டாவது தடவையும் பார்ப்பேன்."

"அப்போ இந்த வரி இருக்கலாமா, வேண்டாமா?"

குரு எழுந்து போய்ப் பதிவறைக் கதவைத் திறந்தார்.

உள்ளே சுகுணா காத்திருந்தார். இருபது வருடமாகத் திரையில் வரும் சிறுமிகளுக்கெல்லாம் பேசுகிறவர். அவருடைய சொந்தப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். மியோவுக்கும் அவர்தான் குரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹனீஃப் உட்கார்ந்திருந்தார்.

"சுகுணாக்கா, முதல்ல பரிசோதகன் வரி இல்லாம ஒரு டேக் எடுத்துடலாம்" என்றார் குரு.

திரையில் காட்சி ஓடியது. தகுமி என்று ஒரு ஏமாற்றுக்காரன். ஒன்பது பாகமாக மியோவுக்குக் கெடுதல் தவிர வேறொன்றும் செய்யாதவன். அவள் டிக்கெட்டைத் திருடியவன், அவள் மேல் பழி போட்டவன். இந்த நிலையத்தில் இறங்க வேண்டியவள் மியோ. பதின்மூன்று வயது. மணி அடிக்கிறது. அவள் எழுந்திருக்கும் முன் தகுமி எழுந்து கதவை நோக்கி நடக்கிறான். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய ஒரு காலில் ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபடுகிறது.

அதைப் பார்த்து மியோ வாயைத் திறக்கிறாள்.

"அண்ணா… ஷூ லேஸ் அவுந்திருக்கு."

சுகுணாவின் குரலில் 'அண்ணா' என்பது தவறிப்போய் வெளியே வந்துவிட்டது. மீதி மூன்று சொல்லும் வேறு வழியில்லாமல் அதன் பின்னாலேயே வந்தன. தகுமி நின்றான். குனிந்து லேஸைக் கட்டினான். இறங்கிப்போனான். சாகப் போகிறவனிடம் ஒரு பெண் சொல்ல வேறு எவ்வளவோ இருக்க, இதைச் சொல்ல வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினால் எனக்கென்ன.

ஹனீஃப் பதிவை நிறுத்த மறந்துபோனார்.

"சரி" என்றார் குரு. "இப்போ சாரோட வரியைச் சேர்த்து எடுப்போம். பரிசோதகனுக்குப் பேசறவர் இன்னிக்கு இல்ல. அம்பலவாணன் சார், நீங்க உள்ள போய்ப் பேசுங்க."

"நானா?"

"உங்க வரிதானே."

அம்பலவாணன் சட்டையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார். சுகுணா மைக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். மறுபடியும் மணி அடித்தது. அவர் நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"இந்த நிலையத்தில் மட்டும் பேச அனுமதி உண்டு."

"அண்ணா, ஷூ லேஸ் அவுந்திருக்கு" என்றார் சுகுணா.

உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. வாயசைவு மயிரிழை தவறவில்லை. தெருமுனையில் போகிறவரிடம் சொல்வது போலத்தான் இருந்தது. தகுமி குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டான். அவன் கடைக்குப் போகிறவனாகக்கூட இருக்கலாம்.

ஹனீஃப் உரிய நேரத்தில் பதிவை நிறுத்தினார்.

அம்பலவாணன் சுகுணாவைப் பார்த்தார். "முன்னாடி பேசின மாதிரி கொஞ்சம் பயத்தோட பேச முடியுமாம்மா?"

"எதுக்குப் பயப்படணும்னு சொல்லுங்க சார், பயப்படறேன்."

"இல்ல… அந்தச் சூழ்நிலை…"

"பேசலாம்னு நீங்கதானே இப்போ அனுமதி கொடுத்தீங்க" என்றார் சுகுணா. அவர் குத்திக்காட்டவில்லை. தொழில் தெரிந்தவர் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

அம்பலவாணன் தாளை மூக்குக்கு நேரே பிடித்துத் தன் வரியை மறுபடி படித்தார். பிழை திருத்துகிறவர்கள் லேசில் விடமாட்டார்கள். வெளியே வந்தார்.

"மேடம், வரி இடம் மாறிடுச்சு, அதான் தப்பு. அவ பேசினதுக்கு அப்புறம் வைக்கலாம். 'இந்த ஒரு தடவை மன்னிச்சேன்'ன்னு பரிசோதகன் சொல்லட்டும். அவ பயமும் இருக்கும், விதியும் நிக்கும்."

"எங்க வைப்பீங்க?"

"அவன் இறங்கினதுலேருந்து ரயில் கிளம்பற வரைக்கும் பதினோரு நொடி சும்மாதானே கிடக்கு. வசனமே இல்ல."

"சும்மா கிடக்கா?"

"ஆமா மேடம். காலியா."

குரு ஹனீஃபிடம் முதல் டேக்கைப் போடச் சொன்னார். வரி இல்லாத டேக்.

'அண்ணா… ஷூ லேஸ் அவுந்திருக்கு.' தகுமி இறங்கினான். கதவு திறந்தபடியே இருந்தது.

மீதி இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி மியோவைப் பார்த்தார்கள். அவள் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். இனி மூடி என்ன பயன். முகமூடி அவள் பக்கம் மெல்லத் திரும்பியது. மியோ கண்ணை மூடவில்லை, ஓடவில்லை. மடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கூப்பிட்டால் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். முகமூடியில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. சத்தம் ஏதும் இல்லை.

கதவு மூடியது. ரயில் நகர்ந்தது.

அறைக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஹனீஃப் திரும்பிப் பார்த்தார். அம்பலவாணன்தான்.

"சார்" என்றார் குரு.

"சொல்லுங்க மேடம்."

"அவ சாக மாட்டான்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"பதினெட்டு தடவை பார்த்தீங்க."

"இன்னிக்குப் பார்த்ததோட இருபத்தொண்ணு."

"அப்புறம் எதுக்கு சார் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

அம்பலவாணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார், மறுபடியும் கழற்றினார். பதிவறைக்குள்ளிருந்து சுகுணா, "நான் கிளம்பலாமா, இன்னொரு டேக் இருக்கா?" என்று மைக்கில் கேட்டார். குரு, சீடரைப் பார்த்தார்.

"போதும்மா" என்றார் அம்பலவாணன். "முதல்ல பேசினதே போதும்."

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். தாளில் தான் எழுதிய வரியை ஒரே கோடாக அடித்தார். ஓரத்தில், நீக்கு என்பதற்குப் பத்திரிகைக்காரர்கள் போடும் சுழியைப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான சுழி போட்டிருப்பார். தான் எழுதியதற்கு மேல் போட்டது இதுவே முதல் தடவை.

ஹனீஃப் முழுப் பாகத்தையும் சேர்த்து அனுப்பத் தயாரானார். கடைசியில் பெயர்கள் ஓடின. 'தமிழ் வசனம்: அம்பலவாணன்' என்று வந்ததும் சீடர் முகம் மாறியது. அவர் பயம் போய்விடவில்லை. ஐம்பத்தொரு வயதில் அது அப்படி ஒரு மதியத்தில் போய்விடாது.

"மேடம்."

"ம்."

"நாளைக்கு யாராவது கேட்பாங்க. மணி அடிச்சப்புறம் பேசினாளே, அந்தப் பொண்ணு ஏன் சாகல, இதை எழுதினவன் என்னத்தைப் பார்த்து எழுதினான்னு கேட்பாங்க. பேர் போட்டிருக்கு. என்னைத்தான் கேட்பாங்க. நான் என்ன சொல்றது?"

குரு ஹனீஃபுக்கு அனுப்பச் சொல்லித் தலையசைத்தார்.

"ஏன் சாகலன்னு நிறைய பேர் கேட்பாங்க சார்" என்றார். "அவ செத்திருக்கணும்னு ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டாங்க."