மூன்று பச்சை டிக்

கேளுங்கள், ஆனால் விடை சொல்ல அவசரப்படாதீர்கள். இந்தக் கதையில் அவசரமாகத் தீர்ப்புச் சொல்பவர், பாவப்பட்ட யாராவது ஒருவரை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

கலந்தர் நெய்னாவின் இளைய மகன் கபீர், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியோடு கடலில் போய்விட்டான். தோணியின் பலகைகள் சில கரை ஒதுங்கின. மையத்து கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் உடல் இல்லாமலே அவனுக்காக மறைவான ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். தொழுது முடித்ததும் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தோளில் தூக்கிப்போக ஒரு சந்தூக் பெட்டி இல்லை, பிடிமண் அள்ளிப்போட ஒரு குழி இல்லை. தகப்பன் செய்வதற்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். நாற்பதாம் நாளுக்குள் குர்ஆன் முழுவதையும் ஓதிக் கத்தம் முடித்து, அந்த நன்மையை மகனுக்குச் சேர்த்து வைக்கும்படி துஆக் கேட்க வேண்டும். கலந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்.

சொந்தபந்தமெல்லாம் ஷார்ஜா, மலேசியா, சென்னை என்று சிதறிக் கிடந்தது. அதனால் மகள் ஜுலைகா வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாள். குர்ஆனின் முப்பது பாகங்களான ஜுஸ்வுகளில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்வது. ஓதி முடித்ததும் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் போடுவது.

“டிக் போட்டா கத்தமாயிருமா? கரண்டு பில்லா கட்டுறீங்க?” என்றார் கலந்தரின் மச்சான் அசனா மரைக்கான். அவர் குழுவில் சேரவில்லை.

கலந்தர் தனக்கும் ஒரு ஜுஸ்வு கேட்டார். ஜுலைகா தயங்கினாள். “வாப்பா, நீங்க ஓதப்பள்ளிக்கே சரியாப் போனதில்லையே.”

“எம்புள்ளைக்கு ஊரே கொடுக்கும், நான் வேடிக்கை பாக்கவா?”

தொழுகைக்கு வேண்டிய சிறு சூராக்கள் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. அரபி எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் வராது. ஜுலைகா அவர் போனில் குர்ஆன் ஒலிக்கும் செயலி ஒன்றை வைத்து, எங்கே தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். கலந்தர் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து அதைத் தொட்டார். ஓதுபவரின் குரல் கிளம்பியது. கூடவே ஓதிவிடலாம் என்றுதான் நினைத்தார். முதல் சொல்லை அவர் நாக்கு பிடிப்பதற்குள் குரல் நாலைந்து சொல் தாண்டிப் போயிருந்தது. நிறுத்தி நிறுத்திக் கேட்க அவருக்குத் தெரியவில்லை. போனுக்கு அவருக்காகக் காத்திருக்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டார். குரல் மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும், “யா அல்லாஹ், எம்புள்ளையப் பாத்துக்க” என்றார். முடிந்ததும் டிக் போட்டார்.

நாற்பதாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் முற்றத்தில் கூடினார்கள். பெண்கள் திரைக்கு உள்ளே இருந்தார்கள். மூத்தவன் இத்ரீஸ் ஷார்ஜாவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தான். பிரியாணிச் சட்டி தம்மில் இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆவுக்குக் கையை உயர்த்தி, “முழு குர்ஆனையும் ஓதி...” என்று தொடங்கினார்.

“இருங்க ஹஜ்ரத்” என்றார் கலந்தர். “நான் ஓதலை. போன்தான் ஓதிச்சு. நான் கேட்டேன். நடுநடுவுல எம்புள்ளையப் பாத்துக்கன்னு அல்லாஹ்கிட்ட அழுதேன், அவ்வளவுதான்.”

“நான் அப்பவே சொன்னேனே” என்றார் அசனா மரைக்கான். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஜுலைகாவின் குரல் வந்தது. “வாப்பா... நானும் கண்ணாலதான் படிச்சேன். நாக்கால ஓதலை. நான் சுத்தமா இல்லாத நாளு.” குர்ஆன் பிரதியைத் தொடக்கூடாது, போனைத் தொடலாம், ஆனால் வாயால் ஓதக்கூடாது என்று அவளுக்கு மதரஸாவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தன் ஜுஸ்வை வேறொருத்திக்கு மாற்றிவிட்டிருக்கலாம். மாற்றினால், மாமன் மச்சான்மார் இருக்கும் குழுவில் ‘ஏன்’ என்று யாராவது கேட்பார்கள். அதற்கு வெட்கப்பட்டு மறைத்ததை இன்று ஊர் முன்னால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

போனுக்குள்ளிருந்து இத்ரீஸ் பேசினான். “வாப்பா, நான் நாக்காலதான் ஓதுனேன். கம்பெனி பஸ்ல, போனைப் பாத்துக்கிட்டே. ஒளுகூட இல்லை. மனசெல்லாம் ஃபோர்மேன் என்ன சொல்வானோன்னு. தம்பி நெனப்பு ஒரு தடவைகூட வரலை. எப்ப முடிஞ்சதுன்னே தெரியலை.”

ஹஜ்ரத்தின் கைகள் தாமாக இறங்கின. கலந்தர் அவர் முகத்தையே பார்த்தார். “அப்போ எம்புள்ளைக்கு நாங்க கொடுத்தது என்ன ஹஜ்ரத்?”

கதை இங்கே நிற்கிறது. ஒருவர் காதால் கேட்டார், ஒருத்தி கண்ணால் படித்தாள், ஒருவன் நாக்கால் ஓதினான். இம்மூவரில் யாருடைய ஜுஸ்வு ஓதப்பட்டது?

விடை: இத்ரீஸுடையது மட்டும்தான். ஓதுதல் என்பது நாக்கின் செயல். மனம் அலைந்தால் நன்மை குறையலாம், ஓதியது ஓதியதுதான். ஒளு இல்லாமல் வாயால் ஓதவும் தடையில்லை. ஜுலைகா குற்றம் ஏதும் செய்யவில்லை, ஆனால் அவள் செய்தது ஓதுதல் அல்ல. கலந்தருக்குக் கேட்ட நன்மை உண்டு, ஓதிய கணக்கு இல்லை. ஹஜ்ரத் இதைத்தான் தணிந்த குரலில் சொன்னார். குறைந்த இரண்டு ஜுஸ்வுகளை அங்கேயே இருவர் ஓதினார்கள். கலந்தரின் பங்கை ஓதியவர் அசனா மரைக்கான். கத்தம் நிறைவானது, அதில் தகப்பன் ஓதியது ஒரு எழுத்துகூட இல்லை. “அழுது கேட்டியே, அந்த துஆ போய்ச் சேரும். அதுல எந்த இமாமுக்கும் மாற்றுக் கருத்து கிடையாது” என்று ஹஜ்ரத் அவர் தோளைத் தொட்டார். சட்டப்படி அதுவும் சரியான விடைதான். கலந்தர் தலையை நிமிர்த்தவில்லை. “அதே துஆவைத்தானே ஹஜ்ரத், அவன் தோணி ஏறுன அன்னையிலருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார்.