எல்லாரும் படித்த புத்தகம்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே பூஜையைவிடப் படிப்பு அதிகம். கீழே ஊரில் இருந்த அச்சகத்தார் தாங்கள் அச்சடிக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை மடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அந்த அச்சகத்தில் ஓரம் வெட்டும் எந்திரம் கிடையாது. அதனால் மடிந்த தாள்கள் மடிந்தபடியே தைக்கப்பட்டு வரும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதுபோல் இருக்கும். முதலில் படிப்பவர்தான் மூங்கில் கத்தியால் ஓரத்தைக் கீறிப் பிரித்துக்கொண்டே படிக்க வேண்டும். படிக்காமல் யாரும் பிரிக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம்.

மடத்தின் குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பது வயதுதான். புத்தக அறையைப் பார்த்துக்கொண்ட சீடர் வைத்திலிங்கத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ரயிலில் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வெள்ளைத் தாடி வேறு. புதிதாக வருகிறவர்கள் நேரே வந்து அவர் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்வார். குரு பக்கத்தில் தரையைப் பெருக்கிக்கொண்டே, "ஆசீர்வாதம் பண்ணிடுங்க ஐயா, அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார்.

வைத்திலிங்கத்துக்கு ஒரே கேள்விதான் இருந்தது. தான் எதைப் படிக்க வேண்டும்? ஆயுள் மிச்சம் கொஞ்சம். புத்தகமோ அறை நிறைய. தவறான ஒன்றில் நாட்களை வீணாக்கிவிடக் கூடாதே என்ற பயம். படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை நுழைத்தபடி குருவிடம் போய்க் கேட்பார். குரு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. மேல் தட்டில் ஈரம் ஏறுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்பார். அல்லது சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார்.

எனவே வைத்திலிங்கம் மடத்துக்கு வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தார். பேராசிரியர் ஒரு புத்தகத்தைச் சொன்னார். வக்கீல் வேறொன்றைச் சொன்னார். மூத்த சீடர்கள் ஆளுக்கு இரண்டு சொன்னார்கள். அவர் ஒன்றை எடுத்துப் பாதி போயிருப்பார். அதைவிட நல்லது என்று யாராவது இன்னொன்றைச் சொல்லிவிடுவார்கள். கையிலிருப்பதை வைத்துவிட்டு அதை எடுப்பார். மடத்துக்கு வந்தபின் அவர் எதையும் முடித்ததில்லை. ஆனால் எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாலும் அவரால் பேச முடிந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பது, எந்த ஊர்த் தபால் எந்தப் பையில் என்பதுபோல, அவருக்கு மனப்பாடம்.

வந்தவர்கள் எல்லாருமே தவறாமல் சொன்ன ஒரு புத்தகம் இருந்தது. அதன் பெயர் நீளமானது. மடத்தில் அதைப் பெரிய புத்தகம் என்றே சொல்வார்கள். அதைப் படித்தவன் வேறு ஆளாகிவிடுவான் என்றார் பேராசிரியர். அதைப் படிக்காதவன் எதையும் படிக்காதவன் என்றார் வக்கீல்.

ஒரு செவ்வாய்க்கிழமை இசக்கியம்மாள் வந்தாள். கீழே ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நிற்கும் வேலை, செவ்வாய்தான் விடுமுறை. அவள் வீட்டில் பன்னிரண்டாவது வரை போனது அவள் ஒருத்திதான். மேலே போக முடியவில்லை. பாடப் புத்தகம் தவிர வேறெதையும் படித்ததில்லை என்றும், படித்துப் பார்க்க ஆசை என்றும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். வீட்டில் ஏதாவது தாளைக் கையில் எடுத்தாலே, பரீட்சையா எழுதப் போறே என்று கேட்கிறார்களாம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கய்யா. ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்குறேன். எனக்கு வந்துச்சுன்னா படிப்பேன். வரலைன்னா இந்த ஆசையையே விட்டுருவேன்."

வைத்திலிங்கம் அலமாரிப் பக்கம் போய் நின்றார். ஒரே ஒன்று என்றால், அது தப்பாகிவிடக் கூடாது. நெடுநேரம் யோசித்துப் பெரிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஏந்தினாள். "நீங்க படிச்சிருக்கீங்களாய்யா?"

"எல்லாரும் படிச்ச புத்தகம்மா" என்றார் அவர்.

சில வாரங்கள் கழித்து அவள் வந்தாள். குருவும் வைத்திலிங்கமும் புத்தக அறையில் பூச்சி அரித்த அட்டைகளுக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் துணிப்பையிலிருந்து பெரிய புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கங்கள் ஒட்டியிருந்தன, கடையில் நூல் வெட்டும் கத்தரியால் பிரித்தேன், ஓர் இடத்தில் கிழிந்துவிட்டது, பசை வைத்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பாதி வரை போனாளாம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தரம் படித்தாளாம். படித்தது எதுவும் நிற்கவில்லையாம். ராத்திரி அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே பரீட்சையில் பெயிலானதுபோல் இருக்கிறதாம். அழவெல்லாம் இல்லை. விலை விசாரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்கிறவர்களைப்போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எல்லாரும் படிச்ச புத்தகம் எனக்கு மட்டும் ஏறலை. எங்க வீட்ல சொல்றதுதான் சரி. வர்றேங்கய்யா. வர்றேம்மா."

அவள் படியிறங்கிப் போனாள்.

குரு கையில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். ஓரத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். முதல் சில பக்கங்கள் மூங்கில் கத்தியால் நேராகப் பிரிக்கப்பட்டிருந்தன. அதற்கப்புறம் பாதிவரை கத்தரியின் கோணல் வெட்டு. மீதிப் பாதி இன்னும் மூடித்தான் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு ஐயா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே அம்மா."

"யாரெல்லாம் படிச்சாங்க?"

அவர் பேராசிரியரைச் சொன்னார். வக்கீலைச் சொன்னார். மூத்த சீடர்களைச் சொன்னார்.

"ஊர்ல வேற பிரதி இருக்கா?"

"இருக்கும்னு நெனச்சேன்."

"நீங்க?"

வைத்திலிங்கம் தாடியைத் தடவினார். "முன்னுரை வரைக்கும்."

"அதை வெட்டினது நான்தான்" என்றார் குரு. "நானும் அவ்வளவுதான். முன்னுரை நல்லா இருந்துச்சு."

வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறகு அவர் முகம் மாறியது. கோணல் வெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு புத்தகத்தை மேசையில் வைத்தார். "நீங்க கடைசியா எதைப் படிச்சு முடிச்சீங்க?"

"இங்க வந்த பிறகா?"

"எங்கேயாவது."

அவர் தயங்கினார். அது சொல்லும்படியான புத்தகம் இல்லை என்றார். குரு காத்திருந்தார். ஒரு கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒருவன், அவனுடைய நாய், அவ்வளவுதான் கதை என்றார். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. இளவயதில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது ரயிலில் அதைப் படித்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாள் வேலைக்குத் தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறமும் பல தடவை படித்திருக்கிறார்.

"அது எங்க இருக்கு?"

"என் பெட்டியில. வேட்டிக்கு அடியில."

"இந்த அலமாரியில ஏன் வைக்கலை?"

வைத்திலிங்கம் அலமாரிகளை நிமிர்ந்து பார்த்தார். அறையைச் சுற்றிலும் கனத்த அட்டைகளும் பொன் எழுத்துகளும் நின்றன.

குரு பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "பஸ் இன்னும் போயிருக்காது" என்றார்.

வைத்திலிங்கம் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார். பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உள்ளேயிருந்து யாரோ ஒரு அம்மா கம்பி வழியே கையை நீட்டி, அவர் பாதம் இருக்கும் பக்கமாகத் தாழ்த்திக் கும்பிட்டார்.

"அம்மா, அந்தப் பெரிய புத்தகத்தை நான் படிக்கலை."

அவளுக்குப் புரியவில்லை.

"அங்க யாருமே படிக்கலைம்மா. பக்கம் ஒட்டியிருந்துச்சே, அது யாரும் படிக்காததால. அதுல அவ்வளவு தூரம் போனது நீங்க ஒருத்தர்தான்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப ஏன்யா எனக்குக் குடுத்தீங்க?"

"பயந்துட்டேன். நானா ஒண்ணைச் சொல்லி, அது நல்லா இல்லைன்னா என்ன பண்றதுன்னு."

கண்டக்டர் விசில் ஊதினார். "சாமி, ஏறுறதுன்னா ஏறுங்க. இல்லைன்னா வண்டியை விடுங்க."

வைத்திலிங்கம் மடியிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தார். அட்டை போய்ப் பழுப்புத் தாள் போட்டுத் தைத்திருந்தது. நீட்டும்போது கை கூசியது.

"இதுவும் எல்லாரும் படிச்சதா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"இல்லம்மா. நான் படிச்சது."

"நல்லா இருக்குமா?"

"தெரியாது. நான் ஸ்டேஷன் தாண்டிப் போயிட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டாளா, வண்டி நகர்ந்த வேகத்தில் அவர் கையிலிருந்து அது போய்விட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. படிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வைத்திலிங்கம் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பினார். தான் கொடுத்ததும் தப்பாகிவிட்டதோ என்று குருவிடம் கேட்டார். குரு, மேல் தட்டில் மறுபடியும் ஈரம் என்றார்.

பிறகு ஒரு செவ்வாய் மத்தியானம் அவள் வந்தாள். கையில் எதுவும் இல்லை. உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அந்த நாயை எதுக்குய்யா சாகடிச்சாங்க?"

வைத்திலிங்கம் எழுந்து நின்றார்.

அவள் கோபமாகத்தான் இருந்தாள். அந்த நாய் புயலில் படியேறி வருகிறதே, அப்போதே கதையை முடித்திருக்கலாம் என்றாள். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். அவள் அம்மா என்னவோ ஏதோவென்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறாள். கதையைச் சொன்னதும் அம்மாவும் அந்த நாயைக் கொன்றிருக்க வேண்டாம் என்றாளாம். வைத்திலிங்கம், இல்லை, நாய் சாகாவிட்டால் அவன் அந்தக் கலங்கரை விளக்கத்தைவிட்டு இறங்கியே இருக்க மாட்டான் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டே இறங்கியிருக்கலாமே என்றாள். இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள்.

அதன்பிறகுதான் அவருக்குப் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. எங்கே என்று கேட்டார்.

பில் போடும் பெண் வாங்கிக்கொண்டு போனாளாம். அவளிடமிருந்து அவள் அண்ணி. அண்ணிக்கு அடுத்து, கடை வாட்ச்மேன் கேட்டிருக்கிறாராம்.

வைத்திலிங்கத்தின் முகம் வாடியது. இளவயதிலிருந்து கூடவே வந்த புத்தகம் அது.

மூலையில் துணி ஒட்டிக்கொண்டிருந்த குரு தலையைத் தூக்காமல் கேட்டார். "வாட்ச்மேனுக்கு அடுத்து யாராவது சொல்லி வச்சிருக்காங்களாம்மா? இல்லைன்னா என் பேரைச் சொல்லி வை."

இசக்கியம்மாள் சிரித்துவிட்டு வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். இன்னொன்று வேண்டும், இதேபோல அவர் படித்ததாக வேண்டும் என்றாள்.

அவர் அலமாரிகளைப் பார்த்தார். பேராசிரியர் சொன்னவை இருந்தன. வக்கீல் சொன்னவை இருந்தன. நாக்கு நுனியில் பத்துப் பெயர்கள் வந்து நின்றன. அவர் அவற்றை விழுங்கினார்.

"இப்போதைக்கு வேற இல்லம்மா. படிச்சிட்டுச் சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு அவளே அலமாரி ஓரமாக நடந்தாள். சேலை மடிப்பைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புத்தகங்களின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டே போனாள். பக்கங்கள் இன்னும் பிரிக்கப்படாத ஒன்றை எடுத்தாள். மூங்கில் கத்தியை இரவல் கேட்டாள். அதைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று மாலை வைத்திலிங்கம் வாசற்படியில் பெரிய புத்தகத்தோடு உட்கார்ந்தார். முன்னுரையைத் தாண்டிக் கத்தரி வெட்டியிருந்த பக்கங்களுக்குள் போனார். கடினமாகத்தான் இருந்தது. ஓர் இடத்தில் கிழிசலின்மேல் பசை காய்ந்திருந்தது. அந்தப் பக்கத்தை அவரும் இரண்டு தரம் படித்தார்.

குரு குடத்தோடு வெளியே வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வைத்திலிங்கம் படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து அருகே போனார்.

"ஒண்ணு கேக்கலாமா அம்மா?"

"கேளுங்க ஐயா."

"எதைப் படிக்கட்டும்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட நீங்க சொல்லலையே, ஏன்?"

குரு குடத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க கேக்க வந்தப்பல்லாம், உங்க கையில ஒரு புத்தகம் இருந்துச்சு."