நாற்பத்து நான்காவது தொகுப்பு

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனி. தலைமைப் பொறியாளர் ஏகாம்பரநாதன். ஆனால் புரோகிராமோ, அது ஓட வேண்டிய 'தொகுப்பு' என்ற குட்டிப் புரோகிராம்களோ தகராறு செய்து நின்றுபோனால் எல்லாரும் ஓடியது ஒப்பந்த ஊழியர் செண்பகவல்லியிடம்.

"எந்தப் பதிப்பைப் போடணும்க்கா?"

"ரெண்டு தொகுப்பும் ஏன்க்கா முட்டிக்குது?"

ஒரே காலையில் பதினொரு பேர். ஏகாம்பரநாதனிடம் ஒருவரும் வரவில்லை. எண்ணி எண்ணி அவருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஏகாம்பரநாதன் முதலாளி முன்னால் செண்பகவல்லியைக் கூப்பிட்டு, ஒரு புதுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தார்.

"நம்ம மென்பொருளுக்கு வேண்டிய துணைத் தொகுப்பு நாற்பத்து மூணும் என் பட்டியல்ல இருக்கு. ஒரு எழுத்தும் மாத்தாம இதுல ஓட்டிக் காட்டும்மா. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே."

ஓடாது என்று அவருக்குத் தெரியும். நாற்பத்து நான்காவது ஒன்று உண்டு. அதை அவரே எழுதி, பட்டியலில் சேர்க்காமல், தம் லேப்டாப்பிலேயே வைத்திருந்தார்; ஆபீஸ் கணினிகள் எல்லாம் கேபிள் வழியாக அங்கிருந்தே அதை எடுத்து ஓடின.

செண்பகவல்லி ஓட்டினாள். நின்றது. எந்தத் தொகுப்பு, யாருடைய லேப்டாப்பிலிருந்து வரவில்லை என்று திரையில் வந்த வரியை நிதானமாகப் படித்தாள்.

"பட்டியலைத் தொட மாட்டேன் சார். உங்க லேப்டாப்பை மட்டும் கொஞ்சம் இரவல் கொடுங்க."

முதலாளி பார்த்துக்கொண்டிருக்கையில் எப்படி மறுப்பது? இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தாள். ஓடியது. முதலாளி கைதட்டினார். கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். நின்றது.

"சார் லீவு போட்டா கம்பெனிக்கும் லீவுதானுங்க" என்றாள்.

முதலாளி திரும்பினார். "ஏகாம்பரம், சாயங்காலத்துக்குள்ள அது பட்டியல்ல ஏறணும்."

அவர் ஏற்றியதும் அது வேறு மூன்று தொகுப்புகளோடு முட்டியது. நாலு மணிக்குச் செண்பகவல்லியின் மேசை முன்னால் வரிசை. ஆறாவது ஆளாக ஏகாம்பரநாதன் நின்றார்.

"வாங்க சார், எது எதோட முட்டுது?"