முசியே சவரிராயனின் ‘நோன்’

முதலில் அறிய வேண்டியது இது: புதுச்சேரிக் கடற்கரையிலிருந்த அந்த விடுதியில் வரவேற்பாளர் ஆக வேண்டுமானால், முசியே சவரிராயன் நடத்தும் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். யார் என்ன சொன்னாலும் ‘நோன்’, அதாவது தவறு, என்று தலையாட்டுவது அவர் வழக்கம். பிரெஞ்சு அறியாத உரிமையாளர் வேதநாயகி அம்மாள் அதைப் புலமை என்றே நம்பியிருந்தார்.

அவ்விருவர் முன்னும் அன்று வந்து நின்றவள், அறைகளைக் கூட்டும் ரொசாலி.

“துடைப்பத்தை வெளியே வைத்தாயா?” என்றார் சவரிராயன். “நடந்ததற்கும் முன்பே நடந்து முடிந்ததைச் சொல்லும் காலம் ஒன்று உண்டு. அதில் ‘உண்’ என்னும் வினையின் ஆறு வடிவங்களையும் சொல், பார்ப்போம்.”

ரொசாலி “ழாவே மான்ழே” என்று தொடங்கி ஆறையும் சொன்னாள்.

“நோன்! போய் அறையைக் கூட்டு.”

“போகிறேன், முசியே. அதற்குமுன் உங்கள் வாயால் ஒருமுறை கேட்டுவிடுகிறேனே! அம்மாவும் கேட்கட்டும்.”

உச்சி குளிர்ந்த அவர், கண்ணை மூடிக்கொண்டு ஆறையும் இராகமாகச் சொல்லி முடித்தார். உடனே ரொசாலி அதையே அப்படியே திருப்பிச் சொன்னாள்.

“நோன்!” என்றார் சவரிராயன்.

“ஏன் ஐயா, நீங்கள் சொன்னதைத்தானே அவளும் சொன்னாள்?” என்றார் வேதநாயகி அம்மாள்.

பின்னர் முடிவானவை: வரவேற்பாளர் வேலை ரொசாலிக்குக் கிடைத்தது. ‘நோன்’ என்று சொல்பவர் சரியான விடையையும் உடனே சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. முன்பு விரட்டப்பட்டவர்கள் மறுதேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களுள் நால்வர் தேறினார்கள்.